உறக்கத்தின் வாயிலில் ஒரு விளக்கு

அறுபது ஆண்டுகள் வாழ்ந்த ஒருவர் ஏறத்தாழ 21,900 இரவுகள் உறங்கியிருப்பார். அத்தனை முறை உறக்கத்தின் வாயிலைக் கடந்து உள்ளே சென்றிருக்கிறார். அத்தனை முறை வெளியே வந்திருக்கிறார். ஆயினும் எந்தக் கணத்தில் அந்த வாயிலைக் கடந்தார் என்று கேட்டால், ஓர் இரவைக் குறித்துக்கூட அவரால் பதில் சொல்ல இயலாது. தலையணையில் தலை வைத்தது நினைவிருக்கும். விழித்து எழுந்ததும் நினைவிருக்கும். நடுவில் நிகழ்ந்தது என்ன? அங்கே இருந்தவர் யார்? தம் வீட்டின் ஒவ்வோர் அறையையும் அறிந்தவர்கூடத் தம் வாழ்க்கையின் மூன்றில் ஒரு பங்கு கழியும் இந்த அறைக்குள் கண்களை மூடிக்கொண்டே போய் வருகிறார்.

அந்த வாயிலில் விழிப்போடு நிற்க முடியுமா? கனவு எழும்போதே 'இது கனவு' என்று அறிந்துகொண்டு அதனுள் நுழைய முடியுமா? முடியும் என்கின்றன பாரதத்தின் ஞான நூல்களும் யோக மரபுகளும். அத்துடன் அவை நின்றுவிடவில்லை. எதற்காக அங்கே விழித்திருக்க வேண்டும் என்பதையும், எங்கே கால் இடறும் என்பதையும் அவை சேர்த்தே சொல்லி வைத்திருக்கின்றன.

காசி மன்னரின் கேள்வி

பிருஹதாரண்யக உபநிஷதத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. பாலாகி என்ற கார்க்கிய குலத்து அந்தணர் நன்கு கற்றவர். அக்கல்வியால் செருக்கும் கொண்டவர். அவர் காசி மன்னர் அஜாதசத்ருவிடம் சென்று, பிரம்மத்தைப் பற்றிப் போதிப்பதாகக் கூறினார். அந்த ஒரு சொல்லுக்கே ஆயிரம் பசுக்களை அளிக்க மன்னர் முன்வந்தார். சூரியனில் உறைபவன், சந்திரனில் உறைபவன், மின்னலில் உறைபவன் என்று பாலாகி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொன்றும் பிரம்மத்தின் ஒரு கூறே தவிர முழுமையன்று என்று மன்னர் காட்டிக்கொண்டே வந்தார். முடிவில் பாலாகி மௌனமானார். செருக்கு நீங்கியவராய், தம்மைச் சீடராக ஏற்குமாறு வேண்டினார்.

மன்னர் நீண்ட விளக்கம் எதையும் தொடங்கவில்லை. பாலாகியின் கையைப் பிடித்து அழைத்துச் சென்று, உறங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதனின் முன் நிறுத்தினார். உயர்ந்த பெயர்களைச் சொல்லி அவனை அழைத்தார், அவன் எழவில்லை. கையால் தொட்டு அழுத்தியதும் எழுந்தான். "இவன் உறங்கியபோது அறிவே வடிவான இவனுள் உள்ள புருஷன் எங்கே இருந்தான்? இப்போது எங்கிருந்து வந்தான்?" என்பதே மன்னர் எழுப்பிய கேள்வியின் சாரம். வேதம் கற்ற பாலாகிக்கு விடை தெரியவில்லை.

புலன்களின் ஆற்றல்களையெல்லாம் திரட்டிக்கொண்டு அப்புருஷன் இதயத்தின் உள்வெளியில் ஓய்வு கொள்கிறான் என்று மன்னர் விளக்கினார். கனவிலோ, தன் குடிகளோடு நாட்டில் விரும்பியபடி உலவும் அரசனைப்போல் அவன் தன் உடலுக்குள்ளேயே உலவுகிறான். உறங்குபவனை எல்லோரும்தான் பார்க்கிறார்கள். தாய் தன் குழந்தையைத் தினந்தோறும் பார்க்கிறாள். ஆனால் பார்த்ததை ஆத்ம விசாரத்தின் வாயிலாக மாற்றிக்கொண்டவர் அஜாதசத்ரு. அவ்விசாரத்துக்குக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. சான்று ஒவ்வொரு வீட்டுப் படுக்கையிலும் இருக்கிறது.

இரு கரைகளுக்கு நடுவே

அதே உபநிஷதத்தில் விதேக மன்னர் ஜனகருக்கும் யாக்ஞவல்கிய முனிவருக்கும் நடந்த உரையாடல் இந்த ஆராய்ச்சியை மேலும் ஆழமாக்குகிறது. மனிதன் எந்த ஒளியின் துணையால் செயல்படுகிறான் என்று ஜனகர் கேட்கிறார். சூரியன் என்கிறார் முனிவர். சூரியன் மறைந்தால்? சந்திரன். அதுவும் மறைந்தால்? நெருப்பு. அதுவும் அவிந்தால்? வாக்கு, இருளில் ஒருவர் குரல் கேட்டு மனிதன் வழி நடக்கிறான். வாக்கும் ஓய்ந்துவிட்டால்? அப்போது ஆத்மாவே ஒளி.

இதற்குச் சான்றாக யாக்ஞவல்கியர் எடுத்துக்கொள்வது கனவை. கனவில் தேர்கள் இல்லை, குதிரைகள் இல்லை, பாதைகள் இல்லை. ஆயினும் தேரும் குதிரையும் பாதையும் தோன்றுகின்றன. குளங்களும் ஆறுகளும் தோன்றுகின்றன. விழிப்புலகிலிருந்து எடுத்துச் சென்ற பொருள்களைக் கலைத்தும் சேர்த்தும் ஒருவன் தானே ஓர் உலகைக் கட்டுகிறான். அங்கே கதிரவனும் இல்லை, விளக்கும் இல்லை. ஆனாலும் காட்சி துலக்கமாகத் தெரிகிறது. எந்த ஒளியில் தெரிகிறது? காண்பவனின் சொந்த ஒளியில்தான்.

கனவு நிலைக்கு அம்முனிவர் சூட்டும் பெயர் 'சந்தியம்', அதாவது சந்திப்பிடம். பகலும் இரவும் கூடும் வேளை சந்தியா காலமாக இருப்பதுபோல, இவ்வுலகும் மறுவுலகும் கூடும் இடம் அது. அங்கே நிற்பவன் இரண்டையும் பார்க்கிறான். ஆற்றில் பெரிய மீன் ஒன்று இக்கரைக்கும் அக்கரைக்குமாக நீந்துவதுபோல, புருஷன் விழிப்புக்கும் கனவுக்கும் இடையே சென்று வருகிறான் என்கிறார். கரைகள் இரண்டு, மீன் ஒன்றே. எந்தக் கரையும் மீனுக்குச் சொந்தமன்று. எந்தக் கரையின் சேறும் அதன்மீது ஒட்டுவதில்லை.

இந்த உவமையைச் சாதகன் உறுதியாகப் பற்றிக்கொள்ள வேண்டும். உறங்கும் வேளையில் விழிப்புணர்வைக் காக்க முயல்வது கனவுக் கரையில் போய்க் குடியேறுவதற்காக அன்று. கரைகளைக் கடந்து நீந்தும் மீனை அறிவதற்காக.

சிறுவன் நரேந்திரன் கண்ட ஒளி

நூல்களில் சொல்லப்படும் இந்தச் சந்திப்பிடம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கல்கத்தாவில் ஒரு சிறுவனுக்கு இயல்பாகவே திறந்திருந்தது. பிற்காலத்தில் சுவாமி விவேகானந்தராக உலகம் அறிந்த நரேந்திரன் 1863-ஆம் ஆண்டு பிறந்தவர். சிறுவயதிலிருந்தே, உறங்குவதற்காகக் கண்களை மூடியதும் அவருடைய புருவ மத்தியில் ஓர் ஒளிப்புள்ளி தோன்றும். அது நிறம் மாறிக்கொண்டே விரிந்து, பந்துபோல் பெருகி, முடிவில் வெடித்து, உடல் முழுவதையும் வெண்ணிற ஒளிவெள்ளத்தில் ஆழ்த்தும். அந்த ஒளியைப் பார்த்துக்கொண்டே அவர் உறங்கிப்போவார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நரேந்திரன் அதை ஓர் அதிசயமாகவே எண்ணவில்லை. எல்லோரும் இப்படித்தான் உறங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நண்பர் ஒருவர் தமக்கு அப்படி எதுவும் தோன்றுவதில்லை என்று சொன்ன பிறகே அது எல்லோருக்கும் பொதுவானதன்று என்பது அவருக்குத் தெரியவந்தது. பின்னர் ஸ்ரீராமகிருஷ்ணரைச் சந்தித்தபோது, உறங்கும் வேளையில் ஒளி ஏதேனும் தெரிகிறதா என்று குருதேவர் தாமாகவே அவரிடம் கேட்டறிந்தார். அது முற்பிறவித் தியானப் பழக்கத்தின் அடையாளம் என்று அவர் கண்டுகொண்டார்.

குருதேவர் அந்த ஒளியைப் பாராட்டி அதிலேயே நரேந்திரனை நிறுத்திவிடவில்லை என்பதும் கருதத்தக்கது. பின்னாளில் காசிப்பூரில், தாம் சமாதியிலேயே ஆழ்ந்திருக்க விரும்புவதாக அச்சீடர் வேண்டியபோது, அதைவிடப் பெரிய ஆலமரமாக நின்று பலருக்கு நிழல் தர வேண்டியவர் என்று கடிந்து நெறிப்படுத்தினார். அக அனுபவம் எத்தனை ஒளிமிக்கதாயினும், அது மனிதனை எங்கே கொண்டு சேர்க்கிறது என்பதே அதன் மதிப்பு.

வாயிலில் நிற்கும் முறை

பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தின் முதல் பாதத்தில், மனத்தை நிலைப்படுத்தும் வழிகளைப் பட்டியலிடுகையில், கனவிலும் உறக்கத்திலும் கிட்டும் அறிவைப் பற்றுக்கோடாகக் கொள்வதையும் ஒரு வழியாகச் சேர்த்திருக்கிறார். உறக்கம் என்பது வெறும் இன்மை அன்று, அதுவும் மனத்தின் ஒரு விருத்தியே என்பது அவர் கொள்கை. அதற்கு வியாசர் தம் உரையில் காட்டும் சான்று எளிமையானது: எழுந்தவன் 'சுகமாக உறங்கினேன்' என்கிறான். அனுபவிக்காத ஒன்றை நினைவுகூர முடியாது. எனவே உறக்கத்திலும் ஓர் அறிபவன் இருந்தான்.

காஷ்மீர சைவத்தின் விஞ்ஞான பைரவம் நேரடியாக அந்த வாயிலுக்கே அழைத்துச் செல்கிறது. அந்நூல் கூறும் 112 தாரணைகளுள் ஒன்று இது: வெளிப்பொருள்கள் மறைந்துவிட்டன, உறக்கமோ இன்னும் வந்து சேரவில்லை, அந்த இடைநிலையை மனத்தால் பற்றினால் பராசக்தி அங்கே ஒளிர்கிறாள். வசுகுப்தருக்கு அருளப்பட்ட சிவசூத்திரங்களோ, விழிப்பு, கனவு, உறக்கம் ஆகிய மூன்றிலும் நான்காம் நிலையான துரீயத்தை எண்ணெய்போல் வார்க்க வேண்டும் என்கின்றன. எண்ணெய் ஒரு துளி விழுந்தாலும் மெல்லப் பரவி ஊறும். விழிப்புணர்வும் அவ்வாறே பரவ வேண்டும்.

பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த சித்தர் நரோபர் தம் குரு திலோபரிடமிருந்து பெற்றுத் திபெத்தியரான மார்பாவுக்கு அளித்த ஆறு யோகங்களில் கனவு யோகமும் ஒன்று. அம்மரபில் சாதகன் கனவைக் கனவென்று அறிந்தபின், அங்கே எரியும் நெருப்பை நீராக மாற்றுகிறான், ஒன்றைப் பலவாக்குகிறான், அஞ்சத்தக்க உருவத்தை நோக்கி அஞ்சாமல் நடக்கிறான். இவையெல்லாம் பொழுதுபோக்கு அல்ல. தோன்றுவன யாவும் மனத்தின் தோற்றமே என்னும் உறுதி ஏற்படுவதற்கான பயிற்சி.

இம்மரபுகளிலிருந்து ஓர் இல்லறச் சாதகன் கைக்கொள்ளக்கூடிய நெறி கடினமானதன்று. இரவு உணவு அளவாக, படுக்கைக்குச் சற்று முன்னதாகவே முடிந்திருக்க வேண்டும். கைப்பேசியின் திரையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டே உறங்கிப்போகும் பழக்கம் அறவே விடத்தக்கது. கடைசியாகப் பார்த்ததையே மனம் கனவின் மூலப்பொருளாகக் கொள்கிறது. படுக்கையில் அமர்ந்து அன்றைய நாளை ஒருமுறை திரும்பிப் பார்த்து, யாரிடமாவது கசப்பு இருந்தால் அதை இறைவனின் திருவடியில் இறக்கி வைக்க வேண்டும். பின்பு படுத்து, மூச்சின் போக்கோடு இஷ்ட மந்திரத்தை மனத்துக்குள் இணைத்து, 'கனவு வரும்போது கனவென்று அறிவேன். அறிபவனை மறவேன்' என்று ஒருமுறை சங்கல்பம் செய்துகொள்ளலாம்.

அதன்பின் நிகழ்வதைப் பார்ப்பதே வேலை. கை கால்கள் கனக்கும். தெருவின் ஓசை தொலைவுக்குப் போய்விடும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத சொற்கள் மனத்தில் மிதக்கும். எண்ணங்கள் எண்ணங்களாக இல்லாமல் உருவங்களாக மாறத் தொடங்கும். முகங்கள், மரங்கள், படிகள், வண்ணங்கள் தோன்றி மறையும். இதுதான் வாயில். அந்த உருவங்களில் ஒன்றின் பின்னால் மனம் ஓடிவிட்டால் விளக்கு அணைந்தது. வழக்கமான கனவு தொடங்கிவிடும். அவற்றை விரட்ட முயன்றாலோ உறக்கமே கலைந்துவிடும். சோணர் என்னும் பிக்குவுக்குப் புத்தர் பெருமான் சொன்ன வீணை உவமையே இங்கு வழிகாட்டி: நரம்பு மிகவும் முறுக்கப்பட்டாலும் இசை இல்லை, மிகவும் தளர்ந்தாலும் இசை இல்லை. உருவங்கள் வரட்டும், போகட்டும். மந்திரத்தின் மெல்லிய இழை மட்டும் அறுபடாமல் இருக்கட்டும். சிலருக்கு அந்த இழையைப் பற்றியபடியே கனவின் உலகம் சுற்றிலும் விரியும். அவர் உள்ளே நுழைந்திருப்பார், அறிந்தே நுழைந்திருப்பார்.

சில சமயம் உடலை அசைக்க முடியாதது போலவும், நெஞ்சின்மேல் ஏதோ அமர்ந்திருப்பது போலவும் தோன்றும். பேய் அமுக்கியதாகக் கிராமங்களில் சொல்வது இதைத்தான். கனவு காணும் உறக்கத்தில் தசைகள் தளர்ந்து செயலற்றிருப்பது இயற்கையின் ஏற்பாடு. கனவில் ஓடுபவன் படுக்கையிலிருந்து எழுந்து ஓடிவிடாமல் காப்பது அதுவே. உடல் அந்த நிலையில் இருக்கும்போதே அறிவு விழித்துக்கொண்டால் இந்தத் திகைப்பு உண்டாகிறது. அஞ்சாமல் இறைநாமத்தை நினைத்தபடி இருந்தால் சிறிது நேரத்தில் அது தானே விலகும்.

ஆய்வுக்கூடத்தின் சாட்சியம்

உறங்கிக்கொண்டே ஒருவன் விழித்திருப்பது எப்படி என்று நவீன கல்வி கற்றவர்கள் நெடுங்காலம் ஐயுற்றனர். டச்சு மருத்துவர் பிரெடரிக் வான் ஏடன் தம் சொந்தக் கனவுகளைக் குறித்து வைத்து, 1913-இல் இத்தகைய தெளிந்த கனவுகளைப் பற்றி எழுதினார். 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், உறக்கத்தின் ஒரு பகுதியில் மூடிய இமைகளுக்குள் கண்கள் விரைந்து அசைவதைக் கண்டறிந்தனர். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்பகுதியிலேயே நிகழ்கின்றன. ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை அது திரும்பத் திரும்ப வருகிறது. விடியலை நெருங்க நெருங்க நீள்கிறது.

உடல் முழுவதும் தளர்ந்திருந்தாலும் கண்கள் அசையும் என்பதே வழிகாட்டியாயிற்று. கனவில் இருப்பதை அறிந்ததும், முன்பே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமுமாக அசைத்து அடையாளம் தருமாறு கேட்டுக்கொண்டார்கள். இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் 1975-இல் அத்தகைய அடையாளத்தைப் பதிவு செய்தார். அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் ஸ்டீபன் லபெர்ஜ் அதைத் தனித்து நிறுவிப் பரவச் செய்தார். 2021-இல் நான்கு நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், கனவில் இருந்தவர்களிடம் எளிய கணக்குகள் கேட்கப்பட்டன. சிலர் உறங்கியபடியே கண் அசைவால் சரியான விடை தந்தனர்.

ரிஷிகளின் வாக்குக்கு ஆய்வுக்கூடம் முத்திரை குத்த வேண்டிய அவசியமில்லை. எனினும் இச்சோதனைகள் ஓர் ஐயத்தைப் போக்குகின்றன: உடல் உறங்கினால் அறிவும் உறங்கியே தீர வேண்டும் என்பதில்லை. அதற்கு மேல் கருவிகளால் செல்ல இயலவில்லை. கண் அசைந்ததை அவை காட்டும். அசைத்தவன் யார் என்பதை அவை காட்டமாட்டா. அங்கிருந்துதான் வேதாந்தம் தொடங்குகிறது.

இந்திரன் திரும்பி வந்தது ஏன்?

சாந்தோக்கிய உபநிஷதத்தில் பிரஜாபதியிடம் ஆத்ம ஞானம் தேடி இந்திரனும் விரோசனனும் வருகின்றனர். 32 ஆண்டுகள் காத்திருந்தபின் முதல் உபதேசம் கிடைக்கிறது. உடலே ஆத்மா என்று புரிந்துகொண்டு விரோசனன் மகிழ்ச்சியோடு போய்விடுகிறான். இந்திரன் பாதி வழியில் ஐயுற்றுத் திரும்பி வருகிறான். மேலும் 32 ஆண்டுகள். இப்போது பிரஜாபதி, கனவில் மகிமையோடு உலவுபவனே ஆத்மா என்கிறார்.

இந்திரன் புறப்படுகிறான், மீண்டும் பாதி வழியில் நிற்கிறான். உடல் குருடானாலும் கனவு காண்பவன் குருடாவதில்லை என்பது உண்மையே. ஆயினும் கனவில் அவனை யாரோ துரத்துகிறார்கள், அடிக்கிறார்கள்; அவன் அழவும் செய்கிறான். அஞ்சி அழுகிறவன் எப்படி அழிவற்ற ஆனந்தமாக இருக்க முடியும்? இதில் நான் நலம் காணவில்லை என்று கூறித் திரும்பி வருகிறான். ஆழ்ந்த உறக்கத்தைப் பற்றிய உபதேசமும் அவனை நிறைவு செய்யவில்லை. மொத்தம் 101 ஆண்டுகள் கழிந்த பிறகே முடிவான உண்மை அவனுக்கு விளங்குகிறது.

கனவில் விழித்திருக்கக் கற்றவனுக்கு இந்திரனின் ஐயமே பாதுகாப்பு. ஏனெனில் அந்த அனுபவம் இனிமையானது. மலைகளுக்கு மேல் பறக்கலாம். இறந்துபோன தந்தையோடு பேசலாம். விழிப்பில் கிட்டாததை அங்கே பெறலாம். இனிமையே இங்கு வலையாகிறது. ஒரு சாதகன் ஆசாரியரிடம் வந்து, "மகராஜ், இப்போது கனவில் நினைத்த இடத்துக்குப் பறந்து போகிறேன்" என்று சொல்வதாகக் கொள்வோம். ஆசாரியர் கேட்கக்கூடியது இதுதான்: "நல்லது அப்பா. பகலில் உன் தம்பி ஒரு கடுஞ்சொல் சொன்னால் கோபம் வருகிறதா?" "வருகிறது, மகராஜ்." "அப்படியானால் நீ இன்னும் இருந்த இடத்திலேயே இருக்கிறாய்."

ஜனகரைப் பற்றிச் செவிவழியாக வழங்கும் கதையொன்று இதைத் தெளிவாக்குகிறது. அரண்மனைக் கட்டிலில் உறங்கிய ஜனகர், போரில் தோற்று நாட்டை இழந்து, பசியோடு அலைவதாகக் கனவு கண்டார். எங்கோ ஒருவர் இட்ட ஒரு பிடி உணவையும் பறவை தட்டிவிட்டது. அலறி எழுந்தார், அதே கட்டில், அதே சாமரம். "அது மெய்யா, இது மெய்யா?" என்று கண்டவரிடமெல்லாம் கேட்டார். எவராலும் விடை கூற இயலவில்லை. அஷ்டாவக்கிரர் வந்து, "அரசே, அந்தப் பசி இப்போது இருக்கிறதா? இந்தக் கட்டில் அப்போது இருந்ததா?" என்று கேட்டார். இரண்டுக்கும் இல்லை என்றார் ஜனகர். "அப்படியானால் அதுவும் மெய்யன்று, இதுவும் மெய்யன்று, இரண்டிலும் இருந்த நீயே மெய்" என்றார் முனிவர்.

கனவைக் கனவென்று அறிந்தவன் பாதி விழித்தவன். அந்த அறிவை எடுத்துக்கொண்டு விழிப்புலகுக்குத் திரும்பி, இங்குள்ள மான அவமானங்களும் வந்து போகும் தோற்றங்களே என்று உணர்பவனே முழுவதும் விழித்தவன்.

யாரும் பார்க்காத இடத்தில்

விழிப்புணர்வோடு கனவில் நிற்பவனுக்கு இன்னொரு சோதனை காத்திருக்கிறது. அங்கே சட்டம் இல்லை, சமூகம் இல்லை, விளைவும் இல்லை. எதைச் செய்தாலும் யாருக்கும் தெரியாது. அப்போது அவன் என்ன செய்கிறான்? விழிப்பில் ஒழுக்கமாக இருப்பதற்கு ஊரார் பேச்சு, குடும்பப் பெயர், தண்டனை என எத்தனையோ வேலிகள். கனவில் அத்தனை வேலிகளும் விழுந்துவிடுகின்றன. எஞ்சியிருப்பது அவனுடைய உண்மையான இயல்பு மட்டுமே.

ஹரிச்சந்திரன் கதை வட இந்தியாவில் வழங்கும் வடிவங்களிலும், பாரதேந்து ஹரிச்சந்திரர் இயற்றிய ஹிந்தி நாடகத்திலும், மன்னன் தன் நாட்டைத் தானம் செய்வது கனவில்தான். விழித்தெழுந்த பிறகு, கனவில் சொன்ன சொல்லும் சொல்லே என்று கருதி நாட்டை ஒப்படைக்கிறான். அறிவுலகத்தார் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் கதையின் உட்பொருள் ஆழமானது. கனவிலும் மாறாத சத்தியமே குருதியில் கலந்த சத்தியம். மற்றவை மேற்பூச்சு.

ஆகவே தன் கனவுகளில் தன்னை எப்படிக் காண்கிறான் என்பதைச் சாதகன் ஒளிவின்றிப் பார்க்க வேண்டும். அங்கே பேராசையோ பகையோ தலைதூக்கினால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை. பகல் சாதனை எங்கே தேவைப்படுகிறது என்பதை அது சுட்டிக்காட்டுகிறது. கனவில் கோபம் எழுந்த கணமே 'இது கனவு' என்று உணர்ந்து அமைதியுற முடிந்தால், மறுநாள் அலுவலகத்திலோ அடுக்களையிலோ அதே அமைதி சற்று எளிதாகக் கைகூடும். கனவில் பறப்பதைவிட இது பெரிய சித்தி.

உறக்கத்துக்கு உரிய மரியாதை

மாண்டூக்ய உபநிஷதத்துக்குக் கௌடபாதர் இயற்றிய 215 காரிகைகள் இந்த நெறியின் எல்லைகளை வகுத்துக் கொடுக்கின்றன. உறக்கம் உண்மையை அறியாமை. கனவு உண்மையை மாற்றி அறிதல். இவ்விரண்டு பிழைகளும் நீங்கிய நிலையே துரீயம். உறக்கத்தில் மனம் கரைந்து மறைகிறது. அடக்கப்பட்ட மனமோ மறைவதில்லை, ஒளியாகவே நிற்கிறது. இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும் ஒன்றல்ல. மனம் சோர்ந்து அமிழும்போது அதை எழுப்ப வேண்டும். சிதறும்போது அமைதிப்படுத்த வேண்டும். சமநிலை எய்தியதும் அதை அசைக்கக் கூடாது. அங்கே கிட்டும் இன்பத்தைச் சுவைக்கவும் கூடாது என்கிறார் அவர். உறக்கத்தின் வாயிலில் நிற்பவனுக்கு இதைவிடத் துல்லியமான அறிவுரை இல்லை.

அளவோடு உறங்கி அளவோடு விழிப்பவனுக்கே யோகம் துன்பத்தைப் போக்குகிறது. மிகுதியாக உறங்குபவனுக்கும், உறங்காமலே இருப்பவனுக்கும் அது கைகூடுவதில்லை என்று கீதையில் பகவான் தெளிவாகக் கூறுகிறார். ஆகவே கனவைப் பிடிக்க வேண்டும் என்ற ஆவலில் இரவெல்லாம் போராடி, மறுநாள் கடமையில் தளர்ந்து விழுவது யோகமாகாது. உறங்குபவனைத் திடுமென எழுப்பக் கூடாது என்று சான்றோர் சொல்வதையும் யாக்ஞவல்கியர் உரையாடல் குறிப்பிடுகிறது. உறக்கத்தை அவர்கள் அத்தனை மென்மையான பொருளாகக் கருதினார்கள். மனநலம் குன்றியவர்களும், உறக்கமின்மையால் வருந்துபவர்களும், மெய்யையும் தோற்றத்தையும் பிரித்தறிவதில் தடுமாற்றம் உள்ளவர்களும் இத்தகைய பயிற்சியில் இறங்காமல் எளிய நாமஜபத்தோடு உறங்குவதே நலம்.

ஒவ்வோர் இரவும் ஓர் ஒத்திகை

இவ்வளவும் எதற்காக? உடலின் பிடி தளர்ந்து, புலன்கள் ஒவ்வொன்றாக உள்ளே திரும்பி, உலகம் கைவிட்டுப் போகும் கணம் மனிதனுக்கு இருமுறை வருகிறது. ஒன்று இரவுதோறும் வருவது. மற்றொன்று வாழ்வின் இறுதியில் வருவது. கடைசிக் கணத்தில் எதை நினைக்கிறானோ அதையே மனிதன் அடைகிறான் என்கிறது கீதை. ஆனால் அந்த நினைவு அப்போது திடீரென்று வந்துவிடாது, எப்போதும் எதில் தோய்ந்திருந்தானோ அதுவே வரும் என்பதையும் சேர்த்துக் கூறுகிறது. திபெத்திய மரபினர் கனவு யோகத்தை மரணத்துக்குப் பின்னான இடைநிலைக்குரிய பயிற்சியோடு இணைத்து வைத்ததும் இதனால்தான்.

ஒத்திகையே பார்க்காமல் மேடை ஏறுபவன் தடுமாறுவான். இறைவனோ கருணையால் ஒவ்வோர் இரவும் ஓர் ஒத்திகையை அளித்திருக்கிறான். பிள்ளைகள், பணம், வழக்கு, நோய் எல்லாவற்றையும் சற்று நேரம் இறக்கி வைத்துவிட்டு அறியாத இடத்துக்குப் போகும் ஒத்திகை அது. அதை மனிதன் சலிப்பாலும் சோர்வாலும் வீணாக்கிவிடுகிறான்.

இன்றிரவு படுக்கச் செல்பவருக்குக் கனவில் விழிப்பு கிட்டாமல் போகலாம். பல மாதங்கள் கிட்டாமலே போகலாம். மந்திரத்தின் இரண்டாம் சுற்றிலேயே உறக்கம் ஆட்கொண்டுவிடலாம். அதனால் இழப்பு ஏதுமில்லை. இறைநாமத்தோடு உறக்கத்தின் வாயிலைக் கடந்தவர் வெறுங்கையோடு கடந்தவர் அல்லர். காலையில் கண் திறந்ததும், பெயரும் ஊரும் கவலையும் வந்து ஒட்டிக்கொள்வதற்கு முன் ஒரு கணம் தூய 'நான்' என்னும் உணர்வு மட்டும் ஒளிர்கிறது. திருவண்ணாமலையில் பகவான் ரமணர் தம்மை நாடி வந்தவர்களை அந்தக் கணத்தைக் கவனிக்கச் செய்தார். இரவில் வாயிலைத் தவறவிட்டவருக்கும் காலையில் அதே வாயில் மறுமுறை திறக்கிறது.

வாயிலில் வைக்கும் விளக்கு பெரியதாக இருக்க வேண்டியதில்லை. அணையாமல் இருந்தால் போதும். உறக்கத்துக்கு முன் ஒரு கணம், உறக்கத்துக்குப் பின் ஒரு கணம் என்று நாள்தோறும் எண்ணெய் ஊற்றி வருபவருக்கு, நடுவிலுள்ள இருளும் ஒருநாள் ஒளிபெறும். விழிப்பும் கனவும் உறக்கமும் வந்து போகும். அவற்றைக் காண்பவனோ ஒருபோதும் உறங்கியதே இல்லை என்பது அன்று புலப்படும்.